யாராவது அசைத்தால் போதும்

1
இந்தக் கதை ஒரு பத்திரிகைத் துணுக்கிலிருந்து வந்தது. உடலுக்குள் மருந்து செலுத்தும் குட்டிப் பம்பை, உடலின் அசைவைக் கொண்டே ஓட்டப் பார்க்கிறார்களாம். படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அசைய முடியாமல் போனவர் என்ன செய்வார்?

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘புனே விஷ்ராந்த்வாடியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் மேலப்பாளையத்து முகம்மது மீரான், நடந்தால் மட்டுமே...’

வேண்டாம், விடுகதை போலிருக்கிறது. நேராகவே சொல்கிறேன். மீரானுக்கு முதுகில் தீராத வலி. சோதனை முறையில் அப்படியொரு பம்பை அவர் வயிற்றில் வைத்தார்கள். நடக்க நடக்க அது சார்ஜ் ஏறி, தண்டுவடத்துக்கு மருந்தை அனுப்பும். மனைவி சஃபியாவைக் கேட்காமலே சம்மதித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் சோறு போடுவாள், பேசமாட்டாள்.

(இத்தனை பிடிவாதமா என்று எனக்கே சந்தேகம். ஆனால் அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போன பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.)

3
குளியலறையில் வழுக்கி விழுந்து மீரானின் வலது கால் முறிந்தது. மாவுக்கட்டோடு படுத்தார். சில நாளிலேயே பம்பின் சார்ஜ் இறங்கி, அதோடு இணைத்திருந்த போனில் சிவப்பு காட்டியது. வலி திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவும் வழியில்லை. அன்று ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்குப் பக்தர்கள் நடந்தே போகும் பால்கி, அதாவது பல்லக்கு ஊர்வலம் வரும் நாள்; சாலையை அடைத்திருந்தார்கள்.

(வெளியே லட்சம் பேர் நடக்க, உள்ளே ஒருவர்... இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.)

பம்பை வைத்த டாக்டர் ராஜஸ்ரீ சஃபியாவிடம் போனில் இந்தியில் சொன்னார்: “அவரேதான் அசைய வேண்டும் என்றில்லை. யாராவது அசைத்தால் போதும். நல்ல காலை மடக்கி நீட்டுங்கள், வயிறு வரைக்கும் ஆட வேண்டும்.”

சஃபியா கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவருடைய இடது காலை மடக்கினாள், நீட்டினாள்.

“வேணாம்ளா. ஒனக்குக் கை வலிக்கும்.”

“சும்மா கெடங்க.”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அதுதான். மீரான் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

“ஒன்ட்ட கேக்காம வச்சிக்கிட்டது தப்புதான்.”

அவள் கை நிற்கவில்லை. “கேட்டிருந்தா வேணாம்னா சொல்லிருப்பேன்? வெளிய உக்காந்து துஆ கேட்டிருப்பேம்லா.”

4
ஆம்புலன்ஸ் வந்ததாக ஒரு முடிவு எழுதி அடித்தேன். இருவரும் அழுததாக எழுதி அதையும் அடித்தேன். மதியத்துக்குள் போனில் பச்சை வந்தது. வலி இறங்கி மீரான் தூங்கிவிட்டார். இனி போதும், நீங்களும் ஓய்வெடுங்கள் என்று டாக்டர் செய்தி அனுப்பினார். சஃபியா படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் விழித்துக்கொள்ளாதபடி மெதுவாக, மறுபடியும் காலை மடக்கினாள்.

நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் நீங்கள் சொல்லிப் பாருங்கள்.