மேற்குக் கதவுக்குப் பின்னால்

எங்கள் ஊர் தேவாலயத்தை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தோடு மூடிவிடுவதென்று முடிவாகியிருந்தது. ஈயக் கூரை ஒழுகியது. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் முன்வரிசையைக்கூட நிரப்பவில்லை. சபைக் குழுவில் கடைசியாகக் கை தூக்கி முடிவை அந்தப் பக்கம் சாய்த்தவன் எஸ்கில். அன்றிலிருந்து அவனுடைய அக்கா ஆல்மா அவனோடு பேசுவதில்லை. அங்கே ஆர்கன் வாசிப்பவள் அவள்தான்.

மூடுவதற்கு முன் உட்புறத்தைப் படமெடுத்துத் தரும்படி குழு என்னிடம் கேட்டது. எங்கள் கடலோர வட்டாரமான மேற்கு யுட்லாந்தின் தேவாலயங்களைப் படமெடுப்பதுதான் என் தொழில். எஸ்கிலோடு ஒரே வகுப்பில் படித்தவள் வேறு.

செப்டம்பர் கடைசியில் சூரியன் நேர் மேற்கே கடலில் இறங்கும். மேற்குக் கதவைத் திறந்துவைத்தால் வெளிச்சம் நடுப்பாதையில் ஓடிப் பீடத்தைத் தொடும். அந்த நேரத்துக்காக, கதவை ஒட்டிய மூலையில் ட்ரைபாடைத் தாழ்வாக நிறுத்தி, வைட் ஆங்கிள் லென்ஸைப் போட்டேன். கூரை, அதிலிருந்து தொங்கும், கடலோடிகள் காணிக்கையாகக் கொடுத்த சிறு மரக்கப்பல், பெஞ்சுகள், ஆர்கன் எல்லாம் அதில் அடங்கும். ஓரத்தில் ஆள் இருந்தால் முகம் கோணலாக இழுபட்டுப்போகும். ஆல்மா சரியாக அந்த ஓரத்தில், ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஆல்மாக்கா, கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா? படத்துல விழறீங்க."

"விழுந்தா விழட்டும். முதல்ல அவன் போகட்டும், அப்புறம் நான் போறேன்."

எஸ்கில் போக முடியாது. கடல் காற்று கதவை அறைந்து சாத்திக்கொண்டே இருந்தது. முட்டுக் கொடுத்த கல்லையும் தள்ளிக்கொண்டு வந்தது. அதனால் அவன் வாசலிலேயே நின்று கதவை முதுகால் தாங்கிக்கொண்டிருந்தான். அவன் நிழல் பாதை நெடுக நீண்டு பீடத்தின் மேல் ஏறி நின்றது.

"எஸ்கில், உன் நிழல் விழுதுப்பா! குனிஞ்சுக்கோ!"

குனிந்தான். நிழல் குட்டையானதே தவிர போகவில்லை. முழங்காலிட்டும் பார்த்தான்.

"பாரு லிஸ்பெத்," என்றாள் ஆல்மா, "கடைசில முழங்கால் போட்டுட்டான்."

"காதுல விழுது, ஆல்மா."

"விழணும்னுதான்டா சொன்னேன்."

பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. வெளிச்சம் சிவக்கத் தொடங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, ஆல்மா எழுந்து விடுவிடென்று வெளியே போனாள். வெளிப்பக்கமாகத் திறக்கும் அந்தக் கதவின் பின்புறம் ஒரு இரும்பு வளையம் உண்டு. ஒற்றை ஆள் இழுத்து அந்தக் காற்றை நிறுத்த முடியாது. இரண்டு பேர் பிடித்தால் நிற்கும்.

"வா இந்தப் பக்கம். இழு. உன் பக்கம் தளருது பாரு," என்று எஸ்கிலையும் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டாள்.

"இழுத்துட்டுத்தான் இருக்கேன்."

வாசல் காலியானது. தேன் நிற வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே வந்தது. நான் எடுக்கத் தொடங்கினேன். கதவுக்குப் பின்னாலிருந்து குரல்கள் கேட்டன.

"நிஜமாவே கூரைக்கு வேற வழி இல்லையா?"

"கேக்காத இடமில்ல. எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க."

"அதை என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? ரொட்டிக் கடையில வரிசையில நிக்கும்போது யாரோ சொல்லித்தான்டா எனக்குத் தெரிஞ்சுது."



"உன் முகத்தைப் பார்த்துச் சொல்ற தைரியம் வரல, ஆல்மா."

பீடத்திலிருந்து வெளிச்சம் விலகிவிட்டது. என் வேலை முடிந்திருந்தது. விட்டுவிடுங்கள் என்று நான் குரல் கொடுக்கவில்லை. கேமராவின் பின்னால் சும்மா குனிந்திருந்தேன். அவர்கள் பேசிக்கொண்டே கதவைப் பிடித்திருந்தார்கள்.

"ஏய் லிஸ்பெத், முடிஞ்சுதா, இல்ல எங்களை மறந்துட்டியா?" என்று ஆல்மா கத்திய பிறகுதான் போதும் என்றேன்.

சொன்னபடியே தேவாலயம் மூடப்பட்டது. கடைசி ஆராதனைக்கு ஆல்மாதான் வாசித்தாள். மூடியது தப்பு என்று இன்னமும் சொல்கிறாள். இப்போது பக்கத்து ஊரில் வாசிக்கிறாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஞாயிறுதோறும் எஸ்கில்தான் கொண்டுபோய் விடுகிறான். போகிற வழியெல்லாம் சண்டை என்று கேள்வி.