விரிப்பின் மேல் நின்ற ஏணி

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்த பிரியதர்ஷினி, மடக்கு ஏணியைக் கடையின் பின்கட்டில், சிமெண்ட் தரையில் விரித்து நிறுத்திக் காட்டினாள். அங்கே அது தேர் மாதிரி நின்றது. யார் ஏறினாலும் அசையவில்லை. கலாவதிக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை அது. கூட்டுவது, துடைப்பது, விளக்கு மாற்றுவது என்று வியாபாரம் தவிர்த்த எல்லா வேலைக்கும் கலாவதிதான் மேற்பார்வை. தென்னேரிப் பக்கம் கல் உடைத்துப் பிழைத்தவர்களின் மகள். இந்தக் கடையில் யாரும் எந்தக் காலத்திலும் சிமெண்ட் தரையில் ஏணி போட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏறுகிற வேலையெல்லாம் உள்ளே. உள்ளே என்றால் மெத்தை. சுவருக்குச் சுவர் பஞ்சு மெத்தை, அதன் மேல் வெள்ளை விரிப்பு. கல்யாணக் கூட்டம் அதில் சம்மணம் போட்டு உட்காரும், நடுவில் புடவைகள் வந்து விழும். காலையில் விளக்கேற்றி விரித்ததைக் கடை சாத்தும் வரை சுருட்டக் கூடாது என்பது முதலாளி உமாபதியின் அப்பா காலத்துச் சட்டம். வியாபார நேரத்தில் சுருட்டினால் சாமி விளக்கை வாயால் ஊதி அணைத்த மாதிரி. ஆகவே பல்பு மாற்ற வேண்டுமானாலும் மின்விசிறி துடைக்க வேண்டுமானாலும் ஏணி மெத்தை மேலேயே நிற்கும். நான்கு காலும் நான்கு விதமாக அமுங்கும்.

கடை திறக்குமுன் செய்யலாமே என்று அவள் கேட்காமலில்லை. சாவி முதலாளியின் இடுப்பில். வந்து திறந்ததும் முதல் வேலை விளக்கு, அடுத்த வேலை விரிப்பு. இரவு சாத்தும்போது மெயினை அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார். இருட்டில் யார் ஏறுவது?

போன ஆடித் தள்ளுபடியின்போது துணி அடுக்கும் ஆள் ஒருவர் ஏணியோடு சாய்ந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பயிற்சி கொடுத்தால்தான் காப்பீடு என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டதால் இந்த ஏற்பாடு. பிரியதர்ஷினி நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஏணிக்குக் கெட்டியான சமதளம் வேண்டும், இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும், கீழே பிடிப்பவன் வேறெங்கும் பார்க்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிக்கொண்டே போண்டா சாப்பிட்டார்கள்.

கலாவதி அவளைத் தனியாக அழைத்தாள்.

"மேடம், இத உள்ள வந்து மெத்த மேல நிறுத்திக் காட்டுங்க. அங்கதான் ஏறுவானுங்க."

"மெத்தை மேல ஏணியே வைக்கக் கூடாதும்மா. முதல்லயே சொன்னேனே."

"சொன்னீங்க. அவனுங்க தலையாட்டினதையும் பார்த்தேன்."

பிரியதர்ஷினி மூடியிருந்த கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். உள்ளே கூட்டம். செருப்பைக் கழற்ற வேண்டும், ஏணியோடு போனால் முதலாளி முறைப்பார். அடுத்த வகுப்பு ஒரகடத்தில் என்றாள். எல்லோரோடும் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கலாவதியின் பயமெல்லாம் ஒரே ஆளைப் பற்றியது. கடையின் எலக்ட்ரீஷியன் ஆனந்தராஜ் அவள் தம்பி. முன்பு வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலையில் நெல் குவியல் மேல் ஏணி வைத்து ஏறி விழுந்தவன். இடது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறது. இன்னொரு முறை அந்தக் கை அடிபட்டால் ஸ்க்ரூ டிரைவர்கூடப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலையில் சேர்த்துவிட்டவள் கலாவதிதான்.

அவனோ பயிற்சி முடிந்த கையோடு அவளுக்கே பாடம் எடுத்தான். "அக்கா, நெல்லு சறுக்கும். மெத்த எங்க சறுக்கும்? அப்படியே விழுந்தாலும் மெத்த மேலதான விழுவேன்."

"மெத்தைக்குப் பக்கத்துல கண்ணாடி ஷோகேஸ் இருக்குது. அது மேல விழு, இன்னும் நல்லா இருக்கும்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பிற்பகலே வந்தது வினை. சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கல்யாணக் கூட்டம் விரிப்பு நிறைய உட்கார்ந்திருந்தது. முகூர்த்தப் புடவை முடிவாகப்போகிற நேரம். அவர்கள் தலைக்கு மேலிருந்த விளக்கு இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் புகைந்தது. ஆனந்தராஜ் ஓடிப்போய் அந்த வரிசையின் சுவிட்சை அணைத்தான். புடவைக் குவியல் இருட்டில் விழுந்தது. அரக்கா, மாம்பழமா என்று நிறம் தெரியாமல் பெண்வீட்டார் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். வாசல்வரை போன வாடிக்கை அப்படியே அடுத்த கடைக்குப் போய்விடும் என்ற பதைப்பு முதலாளிக்கு. ஏணியை எடுத்து வரச் சொன்னார்.

துணைக்கு நிற்கும் அப்பாதுரை ஏணியைத் தூக்கி வந்து, கூட்டம் ஒதுங்கிய இடத்தில் விரித்தார். ஆனந்தராஜ் பயிற்சியில் கொடுத்த தொப்பியை மட்டும் மறக்காமல் மாட்டிக்கொண்டான். முதல் படியில் கால் வைத்தான். ஏணி ஒரு பக்கமாக முனகிக்கொண்டு சாய்ந்தது. அவன் கண்டுகொள்ளவில்லை.

கலாவதி போய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து, அவனை இறங்கச் சொன்னாள். பிறகு முதலாளியிடம், அந்த மூலையை மட்டும் சுருட்டிக்கொள்ளலாம், பத்து நிமிஷத்தில் திரும்ப விரித்துவிடலாம் என்றாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்காத குரலில் பேசினார். உட்கார்ந்திருக்கும் கல்யாண வீட்டுக்காரர்களை எழுப்பி, அவர்கள் கண்ணெதிரே விரிப்பைச் சுருட்டுவதா, அவளுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டார். அப்பா காலத்திலிருந்து ஏணி இங்கேதான் நிற்கிறது, சாமி பார்த்துக்கொள்கிறது என்றார்.

காலையிலிருந்து கலாவதிக்குள் அடங்கிக் கிடந்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது.

"அப்ப நீங்களே ஒருதரம் ஏறிக் காட்டுங்க முதலாளி. சாமி உங்களுக்குத்தான் இன்னும் நெருக்கம். ஏணி நின்னுதுன்னா என் தம்பிய ஏத்தறேன்."

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உமாபதி நல்ல உடம்புக்காரர், அதைவிட நல்ல ரோஷக்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரிலிருந்த சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினார். அப்பாதுரை ஒரு பக்கமும் ஆனந்தராஜ் மறுபக்கமும் பிடித்தார்கள். முதல் படி தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவதில் அவர் நிமிர்ந்து கலாவதியை ஒரு பார்வை பார்த்தார். அதே நொடி பின்னங்கால் ஒன்று இரண்டு மெத்தைக்கு நடுவிலிருந்த சந்துக்குள் சரக்கென்று இறங்கியது.

பிடித்தவர்கள் கையில் ஏணி மட்டும் இருந்தது. முதலாளி கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் மடியில், பத்துப் பன்னிரண்டு புடவைக்கு நடுவில் கிடந்தார். அடி எதுவும் இல்லை. தாய்மாமன் அவரைப் பச்சைப் பிள்ளை மாதிரி அணைத்துப் பிடித்து, "மெல்ல, மெல்ல" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு எல்லோரும் பட்ட பாடு கலாவதிக்குத் தெரிந்தது. ஆனந்தராஜ் மட்டும் தன் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு ஷோகேஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டத்தை அடுத்த பக்கத்துக்கு நகர்த்தி, அங்கிருந்த வெளிச்சத்தில் புடவையை முடித்தார்கள். விளக்கு அன்று எரியவே இல்லை. சாத்தும் நேரத்தில் முதலாளி ஆட்களைக் கூப்பிட்டு, தானே யோசித்துக் கண்டுபிடித்தது போல ஒரு புதுச் சட்டம் சொன்னார். இனி மெத்தை மேல் ஏணி வைக்கக் கூடாது. ராகு காலத்தில் எவரும் முகூர்த்தப் புடவை எடுக்க மாட்டார்கள், கடையும் காலியாக இருக்கும். அப்போது விரிப்பைச் சுருட்டிக்கொள்ளலாம், தோஷமில்லை. கலாவதிக்கோ, எந்த வழியில் வந்தால் என்ன, வந்ததே போதும் என்றிருந்தது.

மறுநாள் புதன்கிழமை. உச்சிவேளையில் ராகு காலம் பிறந்ததும் விரிப்பைச் சுருட்டி, மெத்தையைப் புரட்டி ஒதுக்கினாள். கீழே வழவழவென்று கல் தரை. வருஷக்கணக்கில் விழுந்த குண்டூசிகளும், உடைந்த வளையல் துண்டும், ஏதோ குழந்தையின் கொலுசும் கிடந்தன. கூட்டித் துடைத்து ஏணியை நிறுத்தினாள். பின்கட்டில் நின்றது போலவே நின்றது. தம்பியைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ராகு காலத்துல ஏணி ஏறச் சொல்றியே. நீ எனக்கு அக்காவா, எமனா?"

அப்பாதுரையும் பின்வாங்கினார். பிடிப்பதற்குத் தனக்கு ஆட்சேபமில்லை, ஆனால் இந்த நேரத்தில் ஒரு வேலையை ஆரம்பிப்பது சரியில்லை, ஆரம்பித்தால் விளங்காது என்றார்.

கலாவதி ஏணியைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். கல் உடைக்கிற இடத்தில் இவர்களைக் கொண்டுபோய் விட்டால் தேவலை என்று தோன்றியது. கண்ணைத் திறந்தபோது ஒரு யோசனை வந்தது.

"எங்கடா ஆரம்பிக்கற? நேத்தே ஆரம்பிச்சாச்சு. முதலாளியே மூணு படி ஏறி ஆரம்பிச்சு வெச்சாரு. நீ முடிக்கத்தான போற."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாதுரை யோசித்துப் பார்த்து, பாதியில் நின்ற வேலையைத் தொடர்வதற்கு ராகு காலம் தடையில்லைதான் என்று ஒப்புக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். ஆனந்தராஜ் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறினான். ஏணி இம்மியும் அசையவில்லை. பாதி ஏறியதும் மேலிருந்து குரல் வந்தது.

"மணி என்னா ஆவுதுக்கா?"

"இறங்கினப்புறம் சொல்றேன். ஒரு கைய ஏணிய விட்டு எடுக்காத."

விளக்கு எரிந்தது. அவன் முழுசாக இறங்கித் தரையில் கால் வைக்கும் வரை அவள் பிடியை விடவில்லை. அடுத்தது மின்விசிறி துடைக்க வேண்டும். அதை யார், எப்போது ஆரம்பித்து வைத்தார்கள் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.