முப்பதில் பதினொன்று

ஜிலியன் செய்கிற பொருட்கள் எல்லாவற்றிலும் ஒரு குறும்பு இருக்கும். ஆனால் ஒன்றுகூடச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் செய்ததல்ல. கல்லடிக் கடற்கரையோரத்தில், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடியிருப்பில் அவளுக்கும் அண்ணன் நோர்மனுக்கும் அடுத்தடுத்த வீடு. அவள் வரைவாள். தச்சரான நோர்மன் பலகையில் அறுத்துக் கொடுப்பார். அவள் தேய்த்து மெருகேற்றி, பின்பக்கத்தில் காய்ச்சிய ஆணியால் வரிசை எண்ணையும் ஓரத்தில் தன் பெயரெழுத்தையும் சுட்டெழுதுவாள். எத்தனை செய்வது என்பதை முதலிலேயே முடிவெடுத்துவிடுவாள். கடைசி எண் முடிந்ததும் அச்சுப் பலகை அடுப்புக்குப் போய்விடும். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் இன்னொன்று கிடையாது.

2004இல் அவள் செய்தது சீப்பு. தலை வாருவதும் சீப்பு, வாழைப்பழமும் சீப்பு. இந்த விஷயம் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்குச் சிரிப்பு. இரண்டையும் ஒன்றாக்கினாள். பலாப்பலகையின் மஞ்சள் அப்படியே பழமாகிவிட்டது. எட்டுப் பழங்கள்தான் எட்டுப் பற்கள். மொத்தம் முப்பது. ஜனவரியில் கொழும்பில் கண்காட்சி. நத்தார்ப் பண்டிகை முடிந்து திங்கட்கிழமை லொறியில் அனுப்பப் பெட்டி கட்டியாயிற்று.

ஞாயிறு காலை கடல் வந்தது. ஜிலியன் நகரத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு நின்றாள். நோர்மன் ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பினார். அவருடைய மனைவி தெல்மாவை மூன்றாம் நாள் வாவிக்கரையில் கண்டெடுத்தார்கள். இரண்டு வீடுகளிலும் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியது. சீப்புப் பெட்டியும் கடலோடு போய்விட்டது.

கல்லடிப் பாலம் தாண்டி நகரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். நோர்மன் மரம் அறுக்கும் வாளைத் தொடவில்லை. ஒரு நிவாரணக் களஞ்சியத்தில் காவலுக்குப் போனார். ஜிலியன் அகதி முகாம் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தாள். அங்கேதான் ஒரு நாள், ஒரு பெண் தன் மகளின் தலையை நாலாம் எண் சீப்பால் வாரிக்கொண்டிருப்பதைக் கண்டாள். பக்கத்தில் இன்னும் மூன்று பெண்கள் அதே சீப்புக்காகக் காத்திருந்தார்கள்.

“ஆத்துல மிதந்து வந்திச்சு டீச்சர். நல்ல சீப்பு,” என்றாள் அந்தப் பெண்.

வீட்டில் அதைச் சொன்னபோது நோர்மன், “உன்ட எண்டு சொல்லலையா?” என்று கேட்டார்.

“சொல்லி என்ன செய்ய? தலை வாரத்தானே செஞ்சது.”

கொழும்பிலிருந்து திரும்பச் செய்து தரச் சொல்லிக் கடிதம் வந்தது. முப்பதும் எங்கேயோ புழக்கத்தில் இருக்கின்றன, அதனால் முடியாது என்று எழுதிவிட்டாள்.

2007 பெப்ரவரியில் நௌஷாட் என்ற பொலிஸ்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார். ஏறாவூர்க்காரர், சிங்கள அதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்பவர்.

“பயப்படாதீங்க. ஒரு சீப்பைப் பத்திக் கேக்கணுமாம்.”

வாகரையில் சண்டை நடந்து சனம் இடம்பெயர்ந்து வந்துகொண்டிருந்த நேரம். யோகமலர் என்ற பெண்ணைச் சோதனைச் சாவடியில் மறித்திருந்தார்கள். அவளுடைய பையில் ஒரு மரச் சீப்பு. அதன் முதுகில் 11/30. நவம்பர் முப்பதா, ஏதாவது குறியீடா என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் வலையில் வந்தது என்பதைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. சீப்பின் ஓரத்தில் இருந்த பெயரெழுத்தைப் பார்த்து நௌஷாட்தான் ஜிலியனைத் தேடிப் பிடித்தார்.

பொலிஸ் நிலையத்துக்கு நோர்மனும் கூடவே போனார். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோகமலர் மூலையில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது.

“முப்பதுல பதினோராவது, அவ்வளவுதான்,” என்றாள் ஜிலியன்.

நௌஷாட் மொழிபெயர்த்தார். அதிகாரி கேட்டதைத் திருப்பிச் சொன்னார்: “ஏன் முப்பது? மத்த இருவத்தொன்பதும் எங்க?”

“கடல்ல கொஞ்சம். சனத்திட்ட கொஞ்சம்.”

“வாழைப்பழத்துல தலை வாருறதுக்கு யாரு காசு குடுப்பாங்க எண்டு கேக்கிறார்.”

“சில பேர் குடுப்பாங்க.”

அதிகாரி நம்பவில்லை. நீதான் செய்தாய் என்றால் இங்கேயே ஒன்று செய்து காட்டு என்றார்.

ஜிலியன் அண்ணனைப் பார்த்தாள். வரைய அவளால் முடியும், அறுக்க முடியாது. தெல்மா போனதிலிருந்து அவர் ஒரு விறகுகூடப் பிளந்ததில்லை. நோர்மன் யோகமலரின் சிக்குப் பிடித்த தலையைப் பார்த்தார்.

“ரெண்டு பலாப் பலகையும் நுணுக்கமா அறுக்கிற வாளும் வேணும்,” என்றார் நௌஷாட்டிடம்.

மூன்று மணித்தியாலம் ஆனது. முதல் பல்லிலேயே பலகை பிளந்தது. இரண்டாவது பலகையை எடுத்தார். ஜிலியன் மறுபடி வரைந்து கொடுத்தாள். தேய்த்து முடித்துப் பழைய சீப்பின் மேல் புதியதை வைத்தார்கள். பல்லுக்குப் பல் பொருந்தியது. ஜிலியன் ஆணியைக் காய்ச்சி முதுகில் எழுதிக் கொடுத்தாள்: 31/30.

அதிகாரி படித்தார். நௌஷாட்டிடம் ஏதோ சொன்னார்.

“முப்பதுல எப்பிடி முப்பத்தொண்டு வரும் எண்டு கேக்கிறார்.”

“வராது. இனிச் செய்யமாட்டன் எண்டு சொன்னனான். இண்டைக்குச் செஞ்சிட்டன்.”

அதைக் கேட்டு அதிகாரி சிரித்துவிட்டார். பதினோராம் சீப்பை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். யோகமலரைப் போகச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஓட்டோவுக்குள் யோகமலர் ஜிலியன் கொடுத்த புதுச் சீப்பால் சிக்கெடுத்துக்கொண்டே வந்தாள். முகாம் வாசலில் இறங்கும்போது, “இதுக்கு நம்பர் போடாம விட்டிருக்கலாமே அக்கா, அடுத்த சாவடியிலயும் கேப்பாங்களே,” என்றாள்.

மாதம் முடிய நோர்மன் காவல் வேலையை விட்டார். 2009இல் சண்டை ஓய்ந்தபோது இருவரும் முக்காலி செய்துகொண்டிருந்தார்கள். மூன்று காலும் மனிதக் கால், பாதத்தில் செருப்போடு. மொத்தம் பன்னிரண்டு. மூன்று காலுக்கு எத்தனை சோடிச் செருப்பு என்பதில்தான் இழுபறி. மூன்றாவது வெறுங்காலாகவே இருக்கட்டும் என்றார் நோர்மன். ஜிலியன் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பேச்சைக் கேட்காமலே மூன்றாவதை வெறுங்காலாக அவர் அறுத்துவிட்டார்.