மஞ்சிட்டிப் பாத்தி மேல் சிமெண்ட்

"கண்ணைத் திறக்காதே. இன்னும் ரெண்டே அடி."

கணவனின் உள்ளங்கைகள் அவள் கண்களைப் பொத்தியிருந்தன. வாரத்தில் பாதி நாள் லாரியிலேயே கழிக்கிறவனுடைய கைகள். எப்போதும் டீசல் வாசனைதான் வரும். இன்று வேறு வாசனை வந்தது. புதிதாகக் கட்டிய வீட்டுக்குள் நுழையும்போது வருமே, அந்த ஈர வாசனை.

காலையில் நாத்தனார் வந்து, "அண்ணி, எனக்குத் துணி எடுக்கணும், நிறம் பார்த்துச் சொல்ல நீங்கதான் வரணும்" என்று தேனாகப் பேசியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் திரும்பியிருந்தார்கள்.

"இப்போ திற!"

திறந்தாள். சமையலறைப் படியிலிருந்து மதில் சுவர் வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம், இஸ்திரி போட்டது மாதிரிக் கிடந்தது. ஒரு மூலையில் கொத்தனார் குந்தியிருந்து விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓரமாக, பெஞ்சுக்கென்று சற்று உயர்த்திய ஒரு மேடை; பக்கத்திலேயே பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெஞ்சு. எதிரே நாத்தனார் கைபேசியைத் தூக்கிப் பிடித்து அவள் முகத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்காகத்தான்," என்றான் கணவன். வெயிலில் அவன் மூக்கு சிவந்திருந்தது. பிள்ளை பரிசு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற முகம். "மண்ணுல குந்திப் பின்னிக்கிட்டே இருக்கியே, முதுகு வலின்னு சொல்றியே. இனிமே சுத்தமா, காலாட்டிக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்து பின்னு."

"இங்க ஒரு பாத்தி இருந்துச்சே," என்றாள் அவள்.

"அதுவா? அது வெறும் புதர்தானே. பூக்கிற செடி ஒண்ணைக்கூட நான் தொடல, பாரு. சாமந்தி, தக்காளி, அவரை, எல்லாம் அப்படியே இருக்கு. அந்த முள்ளுப் புதரை மட்டும்தான் எடுத்தேன்."

அந்தப் புதரின் பெயர் மஞ்சிட்டி. பார்ப்பதற்கு லட்சணம் இல்லாத செடிதான். சொரசொரப்பான தண்டு, போகிற வருகிறவர்களின் துணியைப் பிடித்து இழுக்கும். பூவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது. அதன் சொத்தெல்லாம் மண்ணுக்குக் கீழே இருந்தது. மூன்று வருடம் கையை வைக்காமல் விட்டால் அதன் வேரில் சிவப்பு ஊறும். அந்த வேரைக் காயவைத்து இடித்துக் கொதிக்கவைத்தால் கம்பளி நூலுக்கு ஏறும் நிறம் கடையில் கிடைக்காது. இது மூன்றாவது வருடம். இந்த மாதக் கடைசியில் தோண்டுவதாக இருந்தாள்.

உள்ளே, அவளுடைய அறைச் சுவரில், அவள் பின்னிய போர்வை தொங்கியது. சாமந்தியின் மஞ்சள், வெங்காயத் தோலின் பழுப்பு, அவுரியின் நீலம். எல்லாம் இந்த மண்ணில் இருந்தும் இந்த அடுப்படியில் இருந்தும் வந்தவை. நடுவில் மட்டும் ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருந்தாள். சிவப்புக்காக. மாமியார் வரும்போதெல்லாம், "போர்வை எங்கே, குளிர் உள்ளே வர ஜன்னல் வச்சுப் பின்னியிருக்காளே" என்று சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஊர் சிரித்துவிட்டுப் போகட்டும், வேர் வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற ஒரு நினைப்பு அவளுக்குள் விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய வாழ்க்கையில் விதையிலிருந்து கடைசி முடிச்சு வரைக்கும் வேறு யார் கையும் படாத பொருள் ஒன்று இருந்தது என்றால், அது அந்தப் போர்வைதான்.

"சந்தோஷத்துல அண்ணிக்குப் பேச்சே வரல," என்றாள் நாத்தனார். "அண்ணி, முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க."

அப்போதுதான் படிக்குக் கீழே பஞ்சு தெரிந்தது. அவள் வளர்க்கும் மூன்று பூனைகளில் வெள்ளை. முன்னங்காலைத் தூக்கித் தூக்கி நக்கிக்கொண்டிருந்தது; நக்கும்போதெல்லாம் தலையை உதறியது. விரல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்கம்மா," என்றார் கொத்தனார். "பச்சைச் சிமெண்டுல மூணும் வரிசையா ஊர்வலம் போச்சு. திரும்பப் பூச வேண்டியதாப் போச்சு. சார் செருப்பை விட்டு எறிஞ்சாரு. அந்தச் சாம்பல் பூனை மட்டும் அசையல. நடுவுல நின்னு எங்களையே முறைச்சுப் பார்த்துச்சு."

சாம்பல் பூனைக்குப் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்க்கும் என்பதால் வந்த பெயர். மூன்றாவது, கரிச்சட்டி, கண்ணிலேயே படவில்லை. மூன்றும் வெயில் நேரத்தில் படுத்துக் கிடந்தது அந்த மஞ்சிட்டிப் புதரின் அடியில்தான். இன்றும் படுக்கத்தான் போயிருக்கின்றன.

அவள் பஞ்சைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். சிமெண்ட் தோலைத் தின்னும். தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிரித்துக் கழுவினாள். பஞ்சு அலறி, அவள் மணிக்கட்டில் நீளமாக ஒரு கோடு கிழித்தது. விரல் இடுக்கில் தோல் சிவந்து வெந்திருந்தது. அதைப் பார்த்ததும் அதுவரை உறைந்து கிடந்த கோபம் சூடு பிடித்தது.

"செருப்பால அடிச்சீங்களா?"

"அடிக்கலை, எறிஞ்சேன். படலை," என்றான் கணவன். "சும்மா பூனைக்காக மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. லீவு போட்டு, காலையிலேருந்து மண்ணு சுமந்திருக்கேன். ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொன்னா குறைஞ்சு போயிடுவியா?"

"அது புதர் இல்ல. மஞ்சிட்டி. மூணு வருஷமா வளர்த்தேன். அந்தப் போர்வைக்குச் சிவப்பு அதுல இருந்துதான் எடுக்கணும்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன்! நட்ட அன்னைக்குச் சொன்னேன். போன மழைக்குச் சொன்னேன். போன வாரம் சாப்பிடும்போது, மாசக் கடைசியில தோண்டப் போறேன், மண்வெட்டிக்குப் பிடி போட்டுத் தாங்கன்னு சொன்னேன். நீங்க 'ம்'ன்னீங்க."

அவன் யோசித்தான். அந்த 'ம்' அவனுக்கு நினைவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நான் ஏதோ காய்கறின்னு நினைச்சேன்," என்றான்.

"அண்ணி, விடுங்க. சிவப்பு நூலுக்கா பஞ்சம்?" என்றாள் நாத்தனார். "ஆன்லைன்ல போட்டா நாளைக்கே வந்துடும். அண்ணன் ஆசையா செஞ்சிருக்கு. எங்க வீட்டுல இருக்கறவர் எனக்கு ஒரு ஆணி அடிச்சுக் கொடுத்ததில்ல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். ஒரு சிரிப்பு போதும், டீ போட்டுக் குடித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். அந்தச் சிரிப்பை அவள் எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள். சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தன் வேலையைப் பாதியில் வைத்த போதெல்லாம், நூல் காயப் போட்ட கொடியில் லாரித் தார்ப்பாய் வந்து விழுந்த போதெல்லாம். இன்று தேடிப் பார்த்தாள். இல்லை.

"வேரைப் பிடுங்கினீங்களா?" என்று கொத்தனாரைக் கேட்டாள்.

"எங்கேம்மா! கம்பி மாதிரி ஓடியிருந்துச்சு. மேலால வெட்டி, தட்டி, ஜல்லி போட்டு மூடிட்டோம்."

"அப்போ வேர் எல்லாம் அடியிலதான் இருக்கு."

"அடியிலதான். பயப்படாதீங்க, இனி முளைக்காது."

"இது எப்போ இறுகும்?"

"நாளைக்குக் காலையில நீங்க மேல ஏறி ஆடலாம்."

அவள் பஞ்சைத் துண்டில் சுற்றி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். திரும்பி வரும்போது கையில் கடப்பாரை இருந்தது. தோட்டத்தில் கல் புரட்ட அவளே வாங்கியது.

"ஏய், என்ன பண்றே?"

முதல் குத்து ஓரத்தில் விழுந்தது. பாதி இறுகியிருந்த சிமெண்ட், வெந்தும் வேகாத மாவு மாதிரி, சத்தமில்லாமல் பிளந்தது. இரண்டாவது குத்தில் ஜல்லி தெறித்தது.

"நிறுத்து! பைத்தியமா உனக்கு?" அவன் சிமெண்டின் மேலேயே ஓடி வந்தான். கால் பதிந்தது. கொத்தனார் "ஐயோ சார்!" என்று தலையில் கை வைத்தார்.

"தள்ளு," என்றாள் அவள். "நீ தள்ளு. இல்லேன்னா உன் கால்ல விழும்."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் ஒருமையில் கூப்பிட்டதில்லை. அவளுக்கே அது வாயில் புதிதாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

"அண்ணி! அண்ணனைப் போயி 'நீ'ங்கிறீங்க?"

"அந்த ஃபோனை உள்ள வை," என்றாள் அவள், திரும்பாமலேயே. "இல்ல, எடு. நல்லா எடு. சந்தோஷத்துல அண்ணிக்குப் பேச்சு வந்துடுச்சுன்னு எல்லாருக்கும் அனுப்பு."

நாத்தனார் கைபேசியைத் தாழ்த்தினாள். கொத்தனார் எழுந்து கரணையைத் துடைத்தார். "நான் பூசினதை என் கண்ணு முன்னாலயே உடைக்கிறாங்க. நான் போயி ஒரு டீ குடிச்சுட்டு வரேன். முடிச்சுட்டுச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போயே போனார்.

அவள் குத்திக்கொண்டே போனாள். தோள் எரிந்தது. பெயர்த்த துண்டுகளை ஓரமாக வீசினாள். ஒன்று பெஞ்சின் மேல் விழுந்தது, எடுக்கவில்லை. "எனக்காகவா? என்கிட்ட கேட்டியா? எனக்கு என்ன வேணும்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டியா? எனக்கு வேண்டியது எல்லாம் இங்கேயே இருந்துச்சு. நீ அது மேல நின்னுக்கிட்டு இருந்தே!" கத்துகிறோம் என்பது பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. திறந்தால் திறக்கட்டும்.

அவன் கோபத்தில் காது வரை சிவந்து, இடுப்பில் கை வைத்து நின்றான். "இவ்வளவு காசு, இவ்வளவு உழைப்பு," என்று ஆரம்பித்து, கேட்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டான். நாத்தனார் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உதறிவிட்டான். தன் பையை எடுத்துக்கொண்டு நாத்தனார் முன்வாசல் வழியாகப் போனாள்.

ஜல்லிக்குக் கீழே கறுப்பு மண் தெரிந்தபோது அவள் கடப்பாரையைப் போட்டுவிட்டு முட்டி போட்டாள். கையாலேயே கிளறினாள். முதல் வேர் கிடைத்தது, பென்சில் பருமன். மேலே அழுக்குப் பழுப்பு. ஒடித்தாள். உள்ளே செம்மஞ்சள் நிறம் பளிச்சென்று இருந்தது. காய்ந்தால் அதுதான் சிவப்பாகும். விரலில் ஒட்டி, தேய்த்தும் போகவில்லை.

இந்த ஆள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைத் தோண்டினாள். வேர்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருந்தன. பெஞ்சுக்காகப் போட்ட மேடை வரைக்கும், அதற்கு அப்பாலும். ஒருத்தி தோண்டி, இருட்டுவதற்குள் முடிகிற காரியம் இல்லை. விட்டால் நாளைக்கு மேலே கல்லாகிவிடும்.

பக்கத்தில் மண்வெட்டி விழும் சத்தம் கேட்டது. பிடி ஆடுகிற அந்தப் பழைய மண்வெட்டியை வைத்துக்கொண்டு அவன் மேடையின் ஓரத்தை உடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை பிடி கழன்றது. இரண்டு முறையும் அவன் அவளைப் பார்க்கவில்லை.

வேர்கள் கூடையில் சேர்ந்தன. அவன் ஒன்றை ஒடித்துப் பார்த்தான். உள்ளே இருந்த நிறத்தையும், தன் விரலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது எவ்வளவு ஆழம் போகும்?"

மூன்று வருடம் கழித்து வந்த கேள்வி. பதில் சொல்லவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "முழங்கை ஆழம்," என்றாள். "இழுக்காதே, அறுந்துடும். சுத்தி மண்ணை எடு."

அவன் சுற்றி மண்ணை எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, பயந்துபோன குரலில் கேட்டான்: "சிமெண்ட் தண்ணி உள்ள இறங்கியிருக்குமே. சுண்ணாம்பு ஆச்சே. வேர் கெட்டுப் போயிருக்குமா?"

மஞ்சிட்டிக்குச் சுண்ணாம்பு ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சாயம் காய்ச்சும்போது அவளே கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் போட வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தாள். அப்போதுதான் சிவப்பு கூடும். இதைச் சொன்னால் நாளைக்கே மாமியார் வீட்டில் இவன், "என் சிமெண்டாலதான் நிறமே இவ்வளவு நல்லா வந்துச்சு" என்று கதை சொல்லுவான்.

"தெரியல," என்றாள். "தோண்டு."