மாத்திரைக்கு ஒரு டம்ளர் டீ

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் தம்பிதுரை, கல்யாணமாகி ஆறு வருஷமாக அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆள். மனைவி கனகம் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் துரைக்கு டீ போட வந்துவிட்டது. ரத்தம் கம்மி என்று டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருந்தார். அந்த வாடைக்கே அவளுக்குக் குமட்டும். ஆகவே சாயங்காலமானால் தறியை நிறுத்திவிட்டு, ஸ்ட்ராங்காக டீ போட்டு மாத்திரையோடு கொடுத்து, டம்ளர் காலியாகும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். தறிச் சத்தத்தில் மற்ற நேரம் பேச முடியாது.

ஏழாம் மாசம் சோதித்தால் ரத்தம் கொஞ்சமும் கூடவில்லை.

"இப்படியே போனா பிரசவத்துல உசுருக்கே ஆபத்துங்க. மாத்திரை ஒழுங்கா முழுங்கறாங்களா?" என்றார் டாக்டர் வெங்கடலட்சுமி.

தம்பிதுரைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நானே எங்கையால டீ போட்டு முழுங்க வெக்கறேனுங்க. மாத்திரைதான் சரியில்லீங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "டீயிலயா? டீ அந்தச் சத்தை ஒடம்புல சேர உடாதுங்க. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது உடணும். எலுமிச்சம்பழச் சாறுல குடுங்க, நல்லாச் சேரும்."

பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்க, இதுக்குப் போயி..." என்றாள் கனகம்.

"ஆசையா குடுக்கறேன்னு உன்னையக் கொல்லப் பாத்திருக்கேன், அம்மணி."

"எனக்கு டீயே புடிக்காதுங்க."

அவன் திரும்பினான். "அப்பறம் எதுக்குக் குடிச்ச?"

"அது முடியற வரைக்கும் நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல."

அதற்கப்புறம் கருமத்தம்பட்டி வரும்வரை அவன் அவள் கையை விடவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தது பற்றிக் கவலைப்படவும் இல்லை.

எலுமிச்சம்பழத்தை அவனே பிழிந்தான். விதை விழும், சில நாள் உப்பு கூடிவிடும். ஆனால் அடுத்த சோதனையில் ரத்தம் கூடியிருந்தது. இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலமும் தறி நின்றது. மாத்திரையை முழுங்கிய கனகம், டம்ளரில் ஒரு மடக்கு மீதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தம்பிதுரை அதைப் பார்த்தான். காலை நீட்டி, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"மெதுவாக் குடி, கண்ணு" என்றான்.