ஐந்தாவது துளை

எங்கள் தேவாலயக் கூடத்தில் செவ்வாய்தோறும் கூடும் ரெக்கார்டர் என்ற ஊதுகுழல் குழுவுக்கு டாக்டர் ஓட்டோகார் வீஸ்னர்தான் தலைவர். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். முப்பது வருடம் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொன்னவர், எங்களை மட்டும் திறக்கவே விடமாட்டார்.

நான் கெர்லிண்டே, ரொட்டிக் கடையில் வேலை. என் குழல் பள்ளி நாளில் வாங்கிய ஜெர்மன் முறைக் குழல். அதில் எஃப் சுரத்துக்கு முன்பக்கம் மேலிருந்து நாலு துளையை மூடினால் போதும். டாக்டர் வாசிக்கும் பழங்கால பரோக் முறையில் அதோடு கடைசி இரண்டையும் சேர்த்து மூட வேண்டும். விரல் சிக்கினால்தான் கலை என்பது டாக்டரின் கொள்கை. ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன் முறையைத் திட்ட அவரை விட்டால் ஆளில்லை.

பதினெட்டு வருடம் பின்வரிசையில் ஊதிய எனக்கு, இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆட்வெண்ட் காலத்தின் முதல் ஞாயிறன்று தனி வாசிப்பு கிடைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டர் ஏலத்தில் ஒரு பேரிமரக் குழலை வாங்கி வந்தார். முன்னூறு வருடப் பழசாம், சான்றிதழ் உண்டாம். ஒத்திகையில் எஃப் வந்த இடமெல்லாம் என் குழலும் அவர் குழலும் சண்டை போட்டன. குற்றவாளி யார் என்று கேட்கவா வேண்டும்? தனி வாசிப்பைப் பறித்து, அன்று வருகிறவர்களுக்குச் சூடான மது ஊற்றும் மேசைக்கு என்னை அனுப்பினார். எவ்வளவு கருணை. எனக்குக் கண்ணீர் முட்டியது. அவர் முன்னால் அழ மனமில்லை.

அத்தோடு விட்டாரா? என் குழலை வாங்கித் தன் குழலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடம் தொடங்கினார்.

"மேலேருந்து எண்ணுங்க. அஞ்சாவது துளை நாலாவதைவிடச் சின்னதா இருந்தா ஜெர்மன். அடுப்புல போடலாம்."

எப்போதும் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வரும் எங்கள் பியானோக்காரி அப்பொலோனியா, கைக்குக் கிடைத்த குழலை எடுத்து விரலால் தடவி எண்ணினாள்.

"ஆமா டாக்டர், அஞ்சாவது சின்னதுதான். அடுப்புல போட்டுடலாமா?"

அவள் கையில் இருந்தது பேரிமரக் குழல்.

டாக்டர் அதைப் பிடுங்கி இரண்டு தரம் எண்ணினார். ஜெர்மன் முறை வந்து நூறு வருடம்தான் ஆகிறது என்று எங்களுக்குப் பத்து தடவை சொன்னவர் அவரே. அப்பொலோனியா பியானோவில் எஃப்பைத் தட்டினாள். நான் ஊதினேன், சேர்ந்தது. அவர் பரோக் விரல் வைத்து ஊதினார், சுரம் தொய்ந்து இறங்கியது.

அடுத்த வாரம் பலகையில் ஒரு அறிவிப்பு: இரண்டு முறைகளும் வரவேற்கப்படுகின்றன. தனி வாசிப்பும் எனக்கே திரும்பியது. ஆனால் 'முன்னூறு வருடக் குழல்' ஞாயிறன்று ஒலிக்கும் என்று திருச்சபைப் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. இனி அதைக் கைவிட முடியாது. டாக்டர் மெல்ல என் நாற்காலியருகே வந்தார்.

"அந்த எஃப்... எப்படிப் பிடிக்கிறீங்க?"

"நாலு விரலை வெச்சுட்டு மீதியைத் தூக்கிடுங்க. மூணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கே வந்துடும்."

தூக்கினார். நாற்பது வருடப் பழக்கத்தில் அந்த இரண்டு விரலும் தாமாகவே இறங்கின. மறுபடி தூக்கினார், மறுபடி இறங்கின. எனக்கே பாவமாக இருந்தது.

"பரவாயில்ல டாக்டர், எஃப் வர்ற இடத்துல மட்டும் ஊதாம இருந்துடுங்க."

ஞாயிறன்று வாசிக்கவிருந்த பாட்டில் எஃப் வராத வரியே கிடையாது.