வெந்நீரில் வெந்த பலகை

...ஆனால் பிளந்து பார்த்தால்தானே தெரியும், அதற்குள் எதற்கு இந்தக் குதூகலம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள், அதட்டியும் மேசைக்கடியில் கால் பாட்டுக்கு ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஆடட்டுமே, யார் பார்க்கப் போகிறார்கள்... சோதனை அறையில் அவளும் அந்தப் பெரிய எவர்சில்வர் பாத்திரமும்தான். உள்ளே பிளைவுட் துண்டுகள், கொதித்து, காய்ந்து, மறுபடி கொதித்து, இப்போது பச்சைத் தண்ணீரில் ஆறிக்கொண்டிருந்தன, பாவம், எந்தப் பலகையும் தன் ஆயுசில் இந்தப் பாடு படாது. ஒட்டியிருப்பது இவளுடைய பசை, காகித ஆலை வேண்டாமென்று கழிக்கும் கறுப்புக் கழிவிலிருந்து இவளே காய்ச்சியது. தாங்கினால் இனி இந்தப் பிளைவுட் ஆலை முழுக்க இதுதான், தாங்காவிட்டால் பழைய பசையே போதும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார், இதுதான் கடைசிம்மா, இதுக்கு மேல முதலாளிகிட்ட என்னால பேச முடியாது. முதல் தடவை பசை கொழகொழவென்று வழிந்தோடியது, அடுத்த தடவை பலகை தண்ணீரில் புத்தகம் மாதிரி விரிந்துகொண்டது, ஐயோ, அன்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வந்ததா என்ன?

பழைய பசை லேசுப்பட்டதல்ல, பிடித்தால் உடும்புப்பிடி. ஆனால் பெட்ரோலியத்தில் பிறந்தது, கண்ணை எரிக்கும், அதைக் காய்ச்சி எடுப்பதற்குள் விடும் புகை இருக்கிறதே, மரம் சேர்த்துவைத்த புண்ணியத்தை எல்லாம் தின்றுவிடும்... மரத்தை வெட்டிட்டு உலகத்தைக் காப்பாத்துறேங்கிறியே, இது என்ன நியாயம்மா, என்று மகள் ஒருநாள் மடக்கினாள். கண்ணு, மரம் வளரும்போது காத்துல இருந்து குடிச்ச கரியெல்லாம் பலகைக்குள்ளதான் இருக்கு, மக்காம எரியாம இருக்கிற வரைக்கும் வெளிய வராது, வெட்டின இடத்துல இன்னொண்ணு வளரணும், அவ்வளவுதான்... காதில் வாங்கினால்தானே, கட்டிலைத் தட்டி, ஏ கரி, உள்ள இருக்கியா, என்று கேட்கிறாள் கழுதை. அப்பனுக்கும் வாய் குறைச்சலில்லை, நாம கூடத்தான் இத்தனை வருஷமா கொதிச்சோம் காய்ஞ்சோம், பிரியலையே, நாம பாஸ்தான் போ, என்கிறார், எரிச்சலாக வந்தது, பிறகு குளியலறையில் தனியாக நின்று சிரித்தாள்.

கதவு திறந்தது, மேனேஜர். ஆறிடுச்சாம்மா? ஆறிடுச்சு சார். ஒரு துண்டை எடுத்து இடுக்கியில் இறுக்கி, இரண்டு அடுக்குக்கும் நடுவே உளியை வைத்தாள். விசித்திரமான வேலை, உடைந்தால்தான் சந்தோஷம், ஆனால் உடைய வேண்டியது மரம், வழவழவென்று பிரிந்தால் பசை தோற்றது, நார்நாராகக் கிழிந்தால் பசை ஜெயித்தது, கடவுளே, கிழியட்டும்... ஓங்கி ஒரு அடி. கிழிந்தது! பசையை விட மனமில்லாமல் மரமே பிய்ந்துகொண்டு வந்தது, முள்ளும் சிலும்புமாக, இன்னொரு துண்டு, அதுவும், அடுத்ததும் அப்படியே, அம்மாடி, கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது, புகையே இல்லாமல் கண் எரிகிறது. அடேங்கப்பா, என்று மேனேஜர் துண்டை வாங்கி நகத்தால் நெம்பிப் பார்த்தார், இனிமே யார் நினைச்சாலும் இதைப் பிரிக்க முடியாதும்மா!

பிரிக்க முடியாது, ஆமாம், அவள் சிரித்தாள், வாய் காதுவரை போய்விட்டது, பிரிக்கவே முடியாது... யார் நினைத்தாலுமா? இந்தப் பலகையை வைத்துக் கட்டின கட்டடத்தை என்றைக்காவது இடிப்பார்களே, அப்போது? முழு மரமாக இருந்தால் ஆணியைப் பிடுங்கி இழைத்து இன்னொரு வீட்டுக்கு வைப்பார்கள், இதை என்ன செய்வார்கள், அடுப்புக்குத்தானே போகும், போனால் உள்ளே இருப்பதெல்லாம்... சிரிப்பு மட்டும் நிற்கவில்லை, அதுபாட்டுக்கு முகத்தில் இருந்தது, மேனேஜர் முதலாளிக்கு போன் போடத் தொடங்கியிருந்தார்.

"சார், இதைப் பிரிக்கிறதுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கணும்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"இப்பதானேம்மா ஒட்டுனீங்க!"